வெளியே போக ஒரு சீட்டு

“ஐயா, கடை வரைக்கும் போயிட்டு வாறேன். ஒரு சீட்டுத் தாங்க.”

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கறுத்து மெலிந்த ஒரு பெண், நாற்பது வயது இருக்கலாம், சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றி ஒரு கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடை எங்கே இருந்தது தெரியுமா? ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைக்காரர் பீடி பற்றவைப்பதைப் பார்க்கலாம். அதற்குச் சீட்டா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்துநாலு வயது. சேலம் டவுனில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வளர்ந்தவன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ரோட்டோரம் இருந்த ஒரு ஜவ்வரிசி ஆலையில் ரைட்டராகச் சேர்ந்திருந்தேன். யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை வண்டி மரவள்ளிக் கிழங்கு இறங்கியது என்று எழுதுவது என் வேலை. ஆலையின் ரப்பர் ஸ்டாம்பு என் மேஜை டிராயரில்தான் இருக்கும். அதனாலேயே கொஞ்சம் திமிரும் இருந்தது, மறைப்பானேன்.

“சீட்டெல்லாம் எதுக்கும்மா? போய்ட்டு வா” என்றேன்.

அவள் நகரவில்லை. நான் குனிந்து எழுத ஆரம்பித்தேன். அரைமணி கழித்து நிமிர்ந்தால், அதே இடத்தில் அதே மாதிரி நிற்கிறாள்! எங்கள் ஆலைக்குக் கேட் என்று சொல்வது இரண்டு கல்தூண்களைத்தான். கதவு கிடையாது, காவல்காரன் கிடையாது. மாட்டு வண்டி வரும், லாரி போகும், ஊர் நாயெல்லாம் உள்ளே வந்து படுத்துக் கிடக்கும். “அதோ, தொறந்துதானே கிடக்கு? போயேன்!” என்று கத்தினேன். சீட்டு இல்லாமல் எப்படிப் போவது என்று மறுபடியும் கேட்டாள்.

இது என்னடா வம்பு என்று, நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் ‘கடைக்குப் போய் வர அனுமதி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வேடிக்கைக்குத்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கல்தூண் அருகே போனதும் ஒரு கணம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் கேட்காததால் ரோட்டைத் தாண்டிப் போய்க் கடைக்காரரிடம் அந்தச் சீட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் தேயிலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்து சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுத எனக்கு அருகதை இல்லை. ஆலையில் எல்லோரும் அவளைச் ‘சிலோன்காரி’ என்றார்கள்.

சிலோனில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அம்மா பிறந்ததும் அங்கேதான். அவளுக்கு இருபது வயது இருக்கும்போது, நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்லிவிட்டது. இந்த நாடும் கைநீட்டி வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று ஆட்டுச்சந்தையில் உருப்படி பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டார்கள். அதில் இவள் இந்தியாவின் பங்கு. குறிப்பிட்ட தேதிக்குள் கப்பல் ஏறாவிட்டால் ஜெயில் என்று தாள் வந்தது. ஏறினாள். கடலோர முகாமில் மூன்று நாள் வைத்திருந்து, எங்கள் ஆலையில் வேலை உண்டு என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கிழங்கு உரிப்பதில் அவளுக்கு ஈடு கிடையாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு குச்சிக்கிழங்கை உரித்து முடிப்பதற்குள் அவள் இரண்டு உரித்திருப்பாள். கொழுந்து பறித்த விரல்கள். பால் விடாத தேத்தண்ணியை ஒரு மிடறு குடிப்பாள், உள்ளங்கையில் இருக்கும் வெல்லத் துண்டை ஒரு கடி கடிப்பாள். ஆலைக்குள் வரிசையாக இருந்த தகர அறைகளை லயம் என்பாள், மேனேஜரைத் தொரை என்பாள். கிழங்கு உரிக்கும் கூட்டத்தில் பாவாயி என்று ஒருத்தி, வாய்த்துடுக்கான ஆள், பக்கத்து ஊர்க்காரி. அவளுக்கு இவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

“ஏம்புள்ள சிலோனு, ஒதுங்கப் போறதுக்கும் ரைட்டருகிட்டச் சீட்டு வாங்கணுமா?”

“உள்ளுக்குள்ள போறதுக்கு வேணாங்க. தூணைத் தாண்டுறதுக்குத்தான்.”

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் தாண்டமாட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு மகள். பெயர் சிவகாமி, பதின்மூன்று வயது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை பிறந்ததை யாரோ பதிவு செய்யாமல் விட்டதால், அம்மாவின் பாஸ்போர்ட்டில் மகள் பெயர் ஏறவில்லை. மகளுக்குத் தாள் தனியாக வருமாம். அது வரும்வரை நானும் இருக்கிறேன் என்று இவள் காலில் விழுந்திருக்கிறாள். உன் தேதி முடிந்துவிட்டது, நீ இருந்தால் குற்றம் என்று சொல்லிவிட்டார்கள். பெற்ற பிள்ளையை அடுத்த அறைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறியவள் அவள். அந்தக் குடும்பத்துக்குத் தேதி வரும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து முகாமில் விடுவதாகப் பேச்சு. இதைக் கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை. எந்த நாட்டில் இப்படி ஒரு சட்டம் இருக்கும் என்று கேட்டேன். “ரெண்டு நாட்லயும் இருக்குங்கய்யா” என்றாள்.

தினமும் காலையில் என் ஜன்னலுக்கு வந்து அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “தபால் ஏதும் வந்துச்சுங்களா?” இல்லை என்றால் பேசாமல் போய்விடுவாள். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு தபாலுக்காக. ஆலையில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த ஊரைப் பார்க்கப் போகவேண்டும் என்று சீட்டுக் கேட்டாள். பாஸ்போர்ட்டில் பரமத்தி வேலூர் பக்கம் ஒரு ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. அவள் தாத்தாவின் ஊராம். மகள் வந்ததும் அங்கே போய் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. தலைக்கு எண்ணெய் வைத்து, தேய்த்துத் துவைத்த சேலை கட்டி, சிரித்த முகமாகப் போனாள். மாலையே திரும்பி வந்துவிட்டாள்.

“என்னம்மா, ஒறவுக்காரங்க யாரையும் பாக்கலையா?”

“அது எங்க ஊரே இல்லையாமுங்க.”

அங்கே ஒரு பெரியவர் உட்காரவைத்து விவரம் சொல்லியிருக்கிறார். அவருடைய பெரியப்பாதான் அந்தக் காலத்தில் சிலோனுக்கு ஆள் கூட்டிப்போன கங்காணி. கூட்டிப்போன சனத்துக்கெல்லாம் என்ன ஊர் என்று துரை கேட்டபோது, தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கச் சோம்பல்பட்டு, தன் ஊரையே எல்லோருக்கும் எழுதிவைத்துவிட்டாராம். “அதுல ஆத்தூர்க்காரனும் இருப்பான், அந்தப் பக்கம் எங்கயோ தெக்கத்தியானும் இருப்பான். உன்ற தாத்தன் எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும் சாமி?” என்று சொல்லி, சாப்பாடு போட்டு, பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். ஒரு கங்காணியின் சோம்பலால் மூன்று தலைமுறைக்கு ஊர் இல்லாமல் போகுமா? போயிருக்கிறது. அவள் அதைச் சொல்லிவிட்டு, மறக்காமல் என் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள்மேலா, கங்காணிமேலா தெரியாது. “எதுக்கும்மா இந்தச் சீட்டு, சீட்டுன்னு உயிரை வாங்கறே? இது நம்ம நாடு. யாரு உன்னைக் கேக்கப்போறா?” என்று சத்தம் போட்டேன்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாங்க சொன்னாரு. நாலு மைலுதானே, யாரு கேக்கப்போறான்னு. அடுத்த தோட்டத்துல இருந்த அவங்க அம்மாளுக்குச் சுகமில்லைன்னு, தொரைகிட்டச் சீட்டு வாங்காமப் போனாரு. பஸ்ஸுல போலீசு ஏறிச்சு. சீட்டுமில்ல, எந்தத் தாளுமில்ல. நீ இந்தியாவுலேருந்து கள்ளத்தோணியில வந்தவன்னு இறக்கிட்டுப் போயிட்டாங்க. அவரு பொறந்ததே அந்தத் தோட்டத்துலதாங்க. கொழும்புல தடுப்புமுகாமுல பதினோரு மாசம் வச்சிருந்தாங்க. அங்கேயே செத்துட்டாரு.”

“நீ போய்ப் பாக்கலையா?”

“போறதுக்குத் தொரை சீட்டுத் தரலைங்களே.”

சேசு மரி சூசையே! நாள்காட்டித் தாளைக் கிழித்து விளையாட்டுக் காட்டினேனே, அது இந்தப் பொம்பளைக்கு என்ன பொருள் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? வயிறு வலிக்கச் சிரித்தேனே!

அன்றோடு சிரிப்பை விட்டேன். ஆனால் அதற்குப் பதிலாக நான் செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். அப்போது அது நல்ல காரியமாகத் தெரிந்தது. சூடு கண்ட பூனையை அடுப்பங்கரைக்கு இழுத்தால் வருமா, அவள் மனசுக்குத் தைரியம் கிடைக்கட்டும் என்று, ஒழுங்கான வெள்ளைத்தாளில் சீட்டு எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், போகிற இடம், திரும்பும் நேரம். கீழே கையெழுத்து. அதன்மேல் ஸ்டாம்பு. முதல் தடவை ஸ்டாம்பு பார்த்தபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கண் கலங்கிவிட்டது. “இனி யாரும் கேக்கமாட்டாங்கய்யா” என்று தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கும் அது பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மனுஷி என் கையெழுத்துக்காக நிற்கிறாள், என் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றுகிறாள் என்பது இருபத்துநாலு வயசுக்காரனுக்குச் சும்மாவா? சில சமயம் வேண்டுமென்றே கொஞ்சம் நிற்கவைத்துவிட்டுக்கூட எழுதியிருக்கிறேன்.

இந்தச் சங்கதி மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. மேனேஜர் முதலாளியின் மைத்துனர். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை, கிழங்கு சீசனில் மட்டும் மனுஷனாக இருக்கமாட்டார். தை, மாசியில் வண்டி வண்டியாகக் கிழங்கு வந்து குவியும். வெட்டிய கிழங்கு இரண்டு நாளில் கெட்டுவிடும். அந்த நேரம் பார்த்து, கல்யாணம் என்றும் நோம்பி என்றும் ஆட்கள் நின்றுவிடுவார்கள். இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்கிறவள் இவள்.

“ஏப்பா ரைட்டரு, அந்தச் சிலோன்காரி சீட்டு இல்லாம வெளிய அடி எடுத்து வைக்கமாட்டாளாமா?”

“ஆமாங்க. பாவமுங்க.”

“பாவமென்ன பாவம். ரொம்ப நல்லதாப் போச்சு. சீசன் முடியற வரைக்கும் எதுக்கும் சீட்டுக் குடுக்காதே. கடை சாமானம் பாவாயி வாங்கியாந்து குடுக்கட்டும். என்னையக் கேக்காம நீ ஸ்டாம்பைத் தொடப்படாது, ஆமா.”

விளையாட்டாக ஆரம்பித்து, இரக்கமாக மாறி, கடைசியில் அந்த ஒருத்திக்கு மட்டும் நிஜமாகவே சட்டம் ஆகிவிட்டது! அவ்வளவு பெரிய ஆலையில் அறுபது எழுபது பேர் நினைத்தால் வந்தார்கள், நினைத்தால் போனார்கள். அவள் ஒருத்திதான் கைதி. நான் அந்த இடத்திலேயே, இது தப்பு, அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லியிருக்கவேண்டும். “சரிங்க” என்றேன். வேலை போய்விடுமே என்ற பயம். அவளிடம் போய், சீசன் முடியும்வரை சீட்டு இல்லையாம் என்றேன். அவள் அதிரவே இல்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

“கொழுந்து நெறையிற காலத்துல அங்கயும் அப்படித்தாங்க” என்றாள். பிறகு, “புள்ளைக்குத் தபால் வந்தா மட்டும் குடுப்பீங்கதானே?” என்று கேட்டாள்.

“அதுக்கு நான் குடுப்பேன். சத்தியமாக் குடுப்பேன்” என்றேன்.

மாசியில் எங்கள் கோயில் திருவிழா. அந்த வருஷம் சப்பரம் தூக்குகிற முறை எங்கள் குடும்பத்துக்கு. சனிக்கிழமை லீவு வாங்கிக்கொண்டு சேலம் போனேன். திங்கட்கிழமை மாலை வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை கூட்டாளிகள், நாளைக்குச் சினிமாவுக்குப் போகலாம் இருடா என்றார்கள். இருந்துவிட்டேன். என்ன படம் என்றுகூட இப்போது நினைவில்லை.

நான் இல்லாதபோது நடந்ததைப் பாவாயிதான் பிறகு என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை தந்தி வந்திருக்கிறது. சிவகாமி முகாமுக்கு வந்துவிட்டாள். கூட்டிவந்த குடும்பத்துக்கு வேறு எங்கோ வேலை ஒதுக்கி அன்றைக்கே ரயில் ஏற்றுகிறார்கள், பிள்ளை முகாமில் இருக்கிறது, மூன்று நாளுக்குள் தாயார் வந்து அழைத்துப்போகவும். மேனேஜர்தான் படித்துச் சொல்லியிருக்கிறார். அவள் சந்தோஷத்தில் ஓவென்று அழுதுவிட்டு, ஓடிப்போய்த் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, “தொரை, சீட்டுத் தாங்க” என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு ஒன்பது வண்டிக் கிழங்கு இறங்கியிருந்தது.

“ரைட்டருகிட்டத்தான் ஸ்டாம்பு இருக்குது. டிராயரைப் பூட்டீட்டுப் போயிட்டான். பொழுதோட வந்துருவான், வாங்கீட்டுப் போ” என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். போகாதே என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லையே! ஒரு பொழுது வேலை மிச்சம் என்று நினைத்திருப்பார்.

பொழுது சாய்ந்தது. நான் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை.

“நான் கையப் புடிச்சு இழுத்தனுங்க” என்றாள் பாவாயி. மூச்சு வாங்க வாங்கப் பேசினாள். “வாடி, நாங்கூட்டீட்டுப் போறேன், சீட்டாவது மண்ணாவதுன்னு இழுத்தேன். தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. கல்லாட்ட நின்னுட்டா. என்ன சொன்னா தெரியுங்களா? சீட்டு இல்லாமப் போயி என்னைய வழியில புடிச்சுட்டா, எம்புருசனாட்ட உள்ள வச்சுருவாங்க, அப்பறம் எம்புள்ளைக்கு யாரு இருக்காங்கறா. ரைட்டரய்யா சத்தியம் பண்ணியிருக்காரு, வந்துருவாருங்கறா. உங்களைய நம்பி ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாம அந்தத் தூணடியில உக்காந்திருந்தாளுங்க. நீங்க எங்கீங்க போயிருந்தீங்க?”

புதன்கிழமை காலை பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பார்த்துவிட்டேன். கல்தூணுக்கு உட்பக்கம், மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவளை உரசிக்கொண்டு ஒரு கிழங்கு வண்டி வெளியே போனது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து எழுந்தாள்.

“வந்துட்டீங்களாய்யா! புள்ள வந்துருச்சு!” என்று தந்தியை நீட்டினாள்.

தேதியைப் பார்த்தேன். நான் ஆபீசுக்குள் போகவே இல்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போதும் “சீட்டுங்கய்யா” என்றாள். நான் கூட வருகிறேன், நான்தான் சீட்டு என்று என்னென்னவோ உளறினேன். “ஏப்பா ரைட்டரு, யாரக் கேட்டு அவளைய இட்டுக்கிட்டுப் போற?” என்று மேனேஜர் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. கேட்டுக்கொண்டே பஸ்ஸை மறித்து ஏறிவிட்டோம். திருச்சிவரை பஸ், அங்கிருந்து ரயில். வழியெல்லாம் அவள் சிவகாமியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் காலில் ஒரு சூட்டுத் தழும்பு உண்டாம். புட்டு என்றால் உயிராம். தனியாகப் படுக்கப் பயப்படுமாம், ஆனாலும் அதட்டிக் கேட்டால் பயமில்லை என்று பொய் சொல்லுமாம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே உம் கொட்டினேன்.

வியாழக்கிழமை காலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா பெரிய ரிஜிஸ்தரைப் புரட்டினார். நல்ல மனிதர்தான். உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினார். பக்கத்தைக் கண்டுபிடித்ததும் அவர் முகம் மாறியது.

“அம்மாவா? நீங்கதான் அம்மாவா?” என்று கேட்டார். “மாமாவை அனுப்பியிருந்தீங்களே. நேத்துக் காலையில வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே?”

“எந்த மாமா?” என்றேன்.

“அம்மாவோட அண்ணன்னு சொன்னார் சார். நாங்க ரெண்டு நாளா மைக்ல கூப்பிட்டோம். பிள்ளை பேரு, அம்மா பேரு, எந்த ஊரு ஆலையில வேலை, எல்லாம் சொல்லித்தான் கூப்பிட்டோம். யாரும் வரலை. நேத்து அவர் வந்து எல்லா விவரமும் சரியாச் சொன்னார். கைநாட்டு வாங்கிட்டுத்தான் அனுப்பினோம்.”

“அந்த விவரத்தையெல்லாம் மைக்கில சொன்னதே நீங்கதானே ஐயா!” என்று அலறினேன். அந்த மனுஷனுக்கு அதுவரை அது தோன்றவே இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அவள் மட்டும் சத்தமே போடவில்லை. மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டு, மிகவும் மரியாதையாக, “எனக்கு அண்ணன் தம்பி யாருமில்லீங்களே” என்றாள்.

குமாஸ்தா ரிஜிஸ்தரை மூடினார், மறுபடியும் திறந்தார். பிறகு யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர்போலச் சொன்னார். “போகமாட்டேன்னுதான் பிள்ளை அழுதுச்சு. அம்மாதான் அனுப்பிச்சாங்க, அம்மா அங்க காத்துக்கிட்டிருக்காங்கன்னு அவர் சொன்னதும் கண்ணைத் தொடைச்சிக்கிட்டு ஓடிப்போய் வண்டியில ஏறிக்கிச்சு.”

அந்தக் கைநாட்டை நான் பார்த்தேன். நீல மையில் அப்பிய ஒரு கட்டைவிரல். அதற்குமேல் ‘தாய்மாமன்’ என்று எழுதியிருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தோம். முகாமில் அன்றைக்கு இருந்த எல்லோரையும் விசாரித்தோம். வெள்ளை வேட்டி, நரைத்த மீசை, வெற்றிலை போட்ட வாய் என்றார்கள். அந்த அடையாளத்தில் நாட்டில் எத்தனை லட்சம் பேர்! கப்பல் வருகிற நாளெல்லாம் ஆள் பிடிக்கச் சிலர் அந்தப் பக்கம் சுற்றுவார்கள், கல் குவாரிக்கும் வீட்டு வேலைக்கும் அதைவிடக் கேவலமானதற்கும் கூட்டிப்போவார்கள் என்று டீக்கடையில் சாதாரணமாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை போலும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டிச் சொல்ல என்னால் முடியாது. எனக்கு வேலை போயிற்று. போனதே நல்லது. மூன்று வருஷம் மனு எழுதினேன், ஆபீசு ஆபீசாக ஏறி இறங்கினேன். சிவகாமி கிடைக்கவில்லை. அவள் என்னோடு திரும்பி வரவும் இல்லை. முகாமுக்கு வெளியே ஒரு மீன்காரக் குடும்பத்தோடு தங்கி, கப்பல் வருகிற நாளெல்லாம் போகிற வருகிற ஆண்களின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் மூன்றாம் முறை போனபோது அவளும் அங்கே இல்லை. கல் குவாரிகள் இருக்கிற ஊராகப் பார்த்துக் கேட்டுக் கேட்டுப் போகிறாள் என்றார்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானத்தை மட்டும் சொல்லவேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து, மணலில் ஒரு உடைமரத்துக்கு அடியில் நின்றோம். நான் சின்னப்பிள்ளைபோலத் தேம்பித் தேம்பி அழுதேன். திங்கட்கிழமை சாயங்காலம் நான் திரும்பி வந்திருந்தால் போதும். செவ்வாய்க்கிழமையே அந்தப் பிள்ளை அம்மா கையில் இருந்திருக்கும். நான் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது இங்கே மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள்தான் என்னைத் தேற்றினாள். “நீங்க என்னங்கய்யா செய்வீங்க? ஊருல இருந்திருந்தா எழுதிக் குடுத்திருப்பீங்க. சட்டம் அப்படி.”

அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கமுடியவில்லை.

“அப்படி ஒரு சட்டமே இல்லம்மா” என்றேன். “என் சீட்டு இல்லாம நீ எங்க வேணா போயிருக்கலாம். யாரும் புடிச்சிருக்கமாட்டாங்க. இந்த நாட்டுல ஒரு ஆளுகூட உன்னைச் சீட்டுக் கேட்டிருக்கமாட்டான்.”

“ஸ்டாம்பு அடிச்சிருந்துச்சுங்களே?”

“அது கிழங்கு ரசீதுல அடிக்கிற ஸ்டாம்பும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

“அப்ப ஏங்கய்யா எழுதிக் குடுத்தீங்க?”

அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.